இரவுக்கு ஒரு கட்டம்

கண்டனூரில் கல்யாணம் முடிந்த மறுநாள் காலை
இரண்டாம் கட்டில், தூணில் முதுகு சாய்த்து
வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தேன்.
சொர்ணலிங்கம் கேட்டரிங்கில் எனக்குக் கணக்கு வேலை.
மாதம் பதினோராயிரம்.
ஆகஸ்ட் சம்பளம் இன்னும் வரவில்லை.

சமையல் மாஸ்டர் மூவாயிரம்.
பலகாரம் போட்டவர் ஆயிரத்தெண்ணூறு.
பரிமாறிய பையன்கள் தலைக்கு எழுநூறு.
பாத்திரம் கழுவிய பெண்கள் ஒன்பது பேர்,
தலைக்கு நானூற்றைம்பது, நாள் ஒன்று.
யோசிக்க ஒன்றுமில்லை,
போன முகூர்த்தத்துத் தாளைப் பார்த்து எழுதினால் போதும்.

கையெழுத்துப் போட வந்த முத்திருளாயி
பேனாவை வாங்கினாள், மூடியைத் திறக்கவில்லை.
"நாளு எத்தனன்னு போட்டிருக்கீக?"
ஒன்று என்றேன்.
"வெசாழக்கெழம பொழுதுசாய வந்தோம்.
இன்னக்கிச் சனி, விடிஞ்சிருச்சு.
நடுவுல பகலு ஒண்ணுதான், ஒத்துக்கிறேன்.
ரெண்டு இருட்டு எங்கிட்டுப் போச்சு?"

நான் தாளைப் பார்த்தேன்.
பெயர், நாள், தொகை, ஒப்பம்.
இருட்டுக்குக் கட்டம் இல்லை.

இத்தனைக்கும் இந்த வீட்டில்
எதையும் எழுதாமல் விட மாட்டார்கள்.
இசைகுடிமானம் எழுதினார்கள், ஒரு சொல் பிசகாமல்.
மொய் எழுதினார்கள், ஒற்றை ரூபாய் வரைக்கும்.
பரப்பி வைத்த சாமானுக்குப் பட்டியல் எழுதினார்கள்,
எவர்சில்வர் தனி, பித்தளை தனி, மங்கு தனி.
நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு
கழுவிக் கவிழ்த்த கரண்டிகளை
காரியக்காரர் டார்ச் அடித்து எண்ணினார்.
இருநூற்றுப் பன்னிரண்டு. சரியாக இருந்தது.
ஒன்று குறைந்திருந்தால்
அந்த ராத்திரி கணக்கில் ஏறியிருக்கும்.

சொர்ணலிங்கம் அண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
"அது வழக்கம்" என்றார்.
"இலைக்கு இவ்வளவுன்னுதான் பேசுறோம்,
ராத்திரிக்கு எவ்வளவுன்னு எந்த வீட்ல கேக்க?"
இலைக்கு முந்நூற்றெண்பது. ஆயிரத்து நானூறு இலை.
கொட்டேஷன் அடித்தவளே நான்தான்.
ஒன்பது பேருக்கு இரண்டு ராத்திரிக் கூலியை
இலைகளால் வகுத்துப் பார்த்தேன்.
ஆறு ரூபாய் வரவில்லை.
ஒரு அப்பளம். உடைந்தால் இன்னொன்று வைப்போமே, அது.

அப்போது பெண்ணைப் பெற்ற உமையாள் ஆச்சி
தட்டோடு வந்தார்.
ஆளுக்கொரு ரவிக்கைத் துணி, நூறு ரூபாய், வெற்றிலை பாக்கு.
"பாவம், ஒறக்கமில்லாமப் பாத்தாக."
(ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது.)
முத்திருளாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.
அவர் போனபின் என் பக்கம் திரும்பி,
"இது அவுக சந்தோசம்.
எங் கூலி எங் கணக்கு.
ரெண்டையும் ஒரே மடியில முடியாதீக."

யாரும் சத்தம் போடவில்லை.
பின்னால் நின்ற எட்டுப் பேரும்
அண்டாக்களின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.
வெளியே லாரி, ஏற்ற வேண்டியது அந்த அண்டாக்களைத்தான்.
புதுவயலில் மத்தியானம் இன்னொரு வீடு, வளைகாப்பு.

தலைக்கு முந்நூறு கூட்டிக் கொடுத்தார் அண்ணன்.
மிச்சம் அடுத்த முகூர்த்தத்தில் என்றார்.
"அப்பப் பாக்கின்னு எழுதுங்க" என்றாள்.
எழுதினேன்: பாக்கி அறுநூறு.
அதன்பிறகுதான் பேனா மூடியைத் திறந்தாள்.
மு மட்டும் பெரிதாக, மற்ற எழுத்தெல்லாம்
கட்டத்துக்கு வெளியே இறங்கிப் போயின.
இத்தனை வருடம் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன்,
நடுவில் இருள் இருப்பதைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து புதுத் தாளில் ஸ்கேல் வைத்துக்
கோடு போட்டேன்.
பெயர். பகல். இரவு. தொகை. பாக்கி. ஒப்பம்.
ஒப்பத்துக்கு இடம் நெருக்கடியாகிவிட்டது,
அழித்து, தாளைக் குறுக்காகத் திருப்பிப் போட்டேன்.
ஒன்பது பெயர்களையும் எழுதினேன்.
அண்ணன் இதைக் கிழிப்பாரோ என்னவோ.
கீழே ஒரு வரி காலியாக இருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
என் பெயரை எழுதினேன்.
ஆகஸ்ட்,
பாக்கி.